ஆம்பளைன்னா யாருங்க?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிஷம். "சிரிக்கிற மாதிரியும் இருக்கணும், கொஞ்சம் விஷயமும் இருக்கணும்" என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். தலைப்பை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். அதனால் நம் ஊரில் தினமும் காதில் விழுகிற ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டேன். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" டீக்கடையில் கேட்கிறார்கள், சினிமாவில் கேட்கிறார்கள், மைதானத்தில் கேட்ச்சை விட்ட பையனைப் பார்த்துக் கேட்கிறார்கள். நம் கீழ்த்தளத்தில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினால் அப்போதும் கேட்கிறார்கள். கேட்கிறார்களே தவிர, அப்படியானால் யார்தான் ஆம்பளை என்று ஒருவரும் பதில் சொன்னதில்லை. அந்தப் பதிலைக் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்.

முதலில் மீசை. மீசை வைத்தவன்தான் ஆம்பளை என்றால், கரப்பான்பூச்சிக்கு நம்மைவிட நீளமான மீசை. அந்தக் கரப்பான்பூச்சியைக் கண்டு கட்டில் மேல் ஏறுகிற மீசைக்காரர்களும் நம் குடியிருப்பில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டம்மாக்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. அடுத்தது புல்லட். இப்போது கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளே புல்லட்டில் நம்மை முந்திக்கொண்டு போகிறார்கள். அந்தக் கணக்கும் அடிபட்டுப் போயிற்று. "கை நீட்டிக் கடன் வாங்காதவன்தான் ஆம்பளை" என்பார்கள் பெரியவர்கள். நான் வங்கியில் வேலை பார்த்தவன். அந்த இலக்கணப்படி எண்ணினால் தாராபுரம் தாலுக்காவில் ஆம்பளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "ஆம்பளை அழ மாட்டான்" என்பது இன்னொன்று. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது எத்தனை அப்பன்மார் கண்ணில் தூசி விழுகிறது என்று மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள்.

மனிதனை விட்டுவிட்டு மாட்டுக்குப் போவோம். நமக்கு வடக்கே இருக்கிறது காங்கேயம். கொங்கு நாட்டில் ஒருவனைக் கம்பீரமானவன் என்று சொல்ல வேண்டுமானால், "காங்கேயங்காளை மாதிரி" என்றுதான் சொல்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோம், காரின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டுகிறோம், சட்டையில்கூட அச்சடித்துக்கொள்கிறோம். நல்ல பொலிகாளைக்கு முகமும் கழுத்தும் திமிலும் கறுத்து, பார்க்கவே பயமாக இருக்கும். சரி, நம் தாத்தா காலத்தில் ஏர் உழுதது யார்? வண்டி இழுத்தது யார்? கிணற்று மேட்டில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்தது யார்? அதெல்லாம் எருதுங்க. காயடித்த எருது. அதற்கு அந்தக் கறுப்பு மினுமினுப்பெல்லாம் குறைந்து, சாம்பல் நிறமாக, சாதுவாக இருக்கும். பொலிகாளை பாவம், கட்டுத்தறியில் ராஜா மாதிரி நின்றது. கவலை இழுத்தது எருது, கவலையே இல்லாமல் நின்றது காளை. நம் முன்னோர்களின் காட்டையும் தோட்டத்தையும் காப்பாற்றியது எருதுதான் என்றாலும், கார் கண்ணாடியில் எருதுப் படம் ஒட்டிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஆம்பளைத்தனம் என்று நாம் கொண்டாடுவது ஒன்றாகவும், வீட்டை நடத்துகிற வேலை வேறொன்றாகவும் இருக்கிறது.

வீட்டை நடத்துகிற வேலைக்கு மத்திய அரசே ஒரு கணக்கு எடுத்திருக்கிறது. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று பெயர். 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செய்கிறார்கள். அதே வேலையில் கை வைக்கிற ஆண்கள் 88 நிமிடம் செய்கிறார்கள். கவனியுங்கள், இந்த 88 என்பது கை வைக்கிற ஆண்களின் சராசரி. ஈஸிசேரில் உட்கார்ந்து "காப்பி ஆச்சா?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. பாக்கி 201 நிமிடம். அதாவது தினமும் மூன்று மணி 21 நிமிடம். வங்கியில் இப்படி ஒரு வித்தியாசம் வந்திருந்தால் அன்று ராத்திரி யாரையும் வீட்டுக்கு விட்டிருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் இந்தக் கணக்கு தினமும் இடிக்கிறது, ஒருவரும் கேட்பதில்லை.

கேட்பதில்லை என்றேன் பாருங்கள், அதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயம். என் கணக்கில் ஆம்பளையின் முதல் அடையாளம் மீசையோ புல்லட்டோ கிடையாது. ஆம்பளை கேட்க மாட்டான். இரண்டாவது அடையாளம், ஆம்பளை சொல்ல மாட்டான்.

மூலனூரில் ஒரு கல்யாணம் என்று வையுங்கள். குடும்பத்தோடு கார் கிளம்புகிறது. மண்டபம் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. "டீக்கடையில ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்கிறது அம்மிணி. "எனக்குத் தெரியாதா?" என்கிறார் அண்ணன். இரண்டு கிலோமீட்டர் போன பிறகு, "அந்தப் பெரியவரைக் கேளுங்களேன்." இவர் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். கடைசியில் போய்ச் சேரும்போது முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மாப்பிள்ளையே கைகழுவிக்கொண்டிருக்கிறார். அப்போதும் என்ன சொல்வார் தெரியுமா? "ரோட்டை மாத்திப் போட்டுட்டாங்க!"

வழி கேட்காததால் ஒரு வேளைச் சாப்பாடுதான் போகும். உடம்பைப் பற்றிக் கேட்காதவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சு பிசைகிறது, "வாயு" என்று சொல்லி ஒரு சோடா. கால் மரத்துப் போகிறது, "உட்கார்ந்தே இருந்தா அப்படித்தான்." டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு என்ன கேடு?" வீட்டில் நாய்க்குட்டி ஒரு வேளை சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறவர், தன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமல் ஐம்பத்தெட்டு வயதைத் தாண்டுகிறார்.

சொல்லாததில் வருகிற கஷ்டத்தை நான் வங்கியில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் காலமாகிக் காரியம் முடிந்ததும், ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வருவார். கூட மச்சாண்டாரோ, படித்த அக்கா மகனோ இருப்பார். பைக்குள் பாஸ்புக், ரசீது, எல்.ஐ.சி. பாண்டு, நகைக்கடன் சீட்டு, 1990-களில் கட்டிய கரண்ட் பில் வரைக்கும் எல்லாம் கலந்து கிடக்கும். அப்படியே மேஜையில் கொட்டிவிட்டு அந்த அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதுல எது பணமுங்க, எது கடனுங்க?" நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர். உப்பு தீர்ந்ததும் புளி தீர்ந்ததும் தெரியும். கணவன் எங்கே எவ்வளவு போட்டு வைத்தார், யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று தெரியாது. "பொம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்" என்று அவர் சொல்லாமலேயே போய்விட்டார். கெட்ட மனுஷரா என்றால் இல்லை. குடும்பத்துக்காகத்தான் சேர்த்து வைத்தார். சேர்த்ததைச் சொல்லத்தான் ஆம்பளைத்தனம் விடவில்லை.

பத்து வருஷம் யாரும் தொடாமல் கிடக்கிற டெபாசிட் பணத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். பணம் போய்விடாது, வாரிசுகள் அந்த வங்கியிலேயே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். அப்படிக் கேட்பாரில்லாமல் கிடக்கிற கணக்குகளைத் தேடிப் பார்க்கத்தான் 2023-ல் "உத்கம்" என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க ஒரு நாட்டின் மத்திய வங்கி இணையதளம் நடத்துகிறது. 2025 நவம்பர் முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரைக்கும் நாமினி போடலாம் என்றும் சட்டம் வந்துவிட்டது. நான்கு பேர் வேண்டாம், ஒருவர் பெயராவது இருக்கிறதா என்று இந்த வாரம் பார்த்துவிடுங்கள். பார்த்ததை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சரி, கேட்கிற ஆம்பளை ஒருவர்கூட இல்லையா? இருக்கிறார். அதுவும் நம் கோயம்புத்தூர்க்காரர். நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியும், கதை பாதிதான் தெரியும். அருணாசலம் முருகானந்தம். பத்மஸ்ரீ வாங்கியவர்.

கோவையை ஒட்டிய பாப்பநாயக்கன்புதூர். அப்பா கைத்தறி நெசவாளி, விபத்தில் இறந்துவிட்டார். அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார். பதினாலு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, வெல்டிங், பட்டறை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார் முருகானந்தம். 1998-ல் கல்யாணம். மனைவி பெயர் சாந்தி. கல்யாணமான புதிதில் ஒரு நாள், சாந்தி எதையோ மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். என்ன அது என்று கேட்டார். உங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று பதில் வந்தது. இங்கே இருக்கிற அண்ணன்மார்களே, நீங்களும் நானும் என்றால் அந்த இடத்தோடு பேப்பரை விரித்துப் படிக்கப் போயிருப்போம். அவர் விடவில்லை. பார்த்தால், அழுக்குத் துணி. மாதவிலக்குக்கு வைத்திருந்தது. ஏன் கடையில் நாப்கின் வாங்கவில்லை என்று கேட்டார். நானும் உங்கள் தங்கைகளும் அதை வாங்க ஆரம்பித்தால் வீட்டுக்குப் பால் வாங்குகிற காசில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று சாந்தி சொன்னார்.

அவ்வளவுதான். மனுஷன் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கினார். கடைக்காரர் அதைச் சட்டென்று பேப்பரில் சுற்றி, ஏதோ கடத்தல் சாமான் மாதிரிக் கையில் திணித்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது பஞ்சு மாதிரி ஏதோ. கோயம்புத்தூர்க்காரருக்குப் பஞ்சு விலை தெரியாதா? பத்துப் பைசாப் பஞ்சு, நாற்பது மடங்கு விலை. நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. பஞ்சை வைத்து ஒன்று தைத்து மனைவியிடம் கொடுத்து, "எப்படி இருக்குன்னு உடனே சொல்லு" என்று நின்றார். உடனே எப்படிச் சொல்வது, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார் சாந்தி. அது மாதத்துக்கு ஒரு தடவை வருவது என்பதே மனுஷருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம். சிரிக்காதீங்க. நம்மில் எத்தனை பேருக்கு எத்தனை வயதில் தெரிந்தது?

அவர் செய்து கொடுத்தது சரிப்பட்டு வரவில்லை. தங்கைகளும் ஒதுங்கிக்கொண்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளைப் போய்க் கேட்டார், அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. கடைசியில் என்ன செய்தார் என்றால், தானே போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ஃபுட்பால் பிளாடர் ஒன்றை எடுத்தார். தெரிந்த கசாப்புக் கடைக்காரரிடம் ஆட்டு ரத்தம் வாங்கி அதில் நிரப்பினார். ஒரு டியூப் வைத்து, துணிக்குள் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். அவ்வப்போது பிளாடரை அமுக்கிப் பார்ப்பார். துணியெல்லாம் கறை, நாற்றம். ஊர்க் கிணற்றில் துவைக்கப் போனால், ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இவனுக்கு ஏதோ கெட்ட வியாதி.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். நம் ஊரில் ஆட்டு ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஆம்பளை யார்? குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டும்போது முன் வரிசையில் நிற்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நின்று, "ரத்தம் தனியாப் போடுங்க, பொரியலுக்கு" என்று கேட்டு வாங்குகிறோம். அந்த ரத்தம் வீரம், விருந்து. அதே ஆட்டு ரத்தத்தை ஒருவர் தன் மனைவியின் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள இடுப்பில் கட்டிக்கொண்டபோது, ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

ஒன்றரை வருஷத்தில் சாந்தி தாய் வீட்டுக்குப் போய்விட்டார். பயன்படுத்திய நாப்கின்களை வாங்கி வந்து வீட்டுக் கொல்லையில் பரப்பி வைத்து ஆராய்ச்சி செய்ததைப் பார்த்து, அம்மாவும் கிளம்பிவிட்டார். பேய் பிடித்திருக்கிறது, மரத்தில் கட்டிப் போட வேண்டும் என்று ஊரில் பேச ஆரம்பித்ததும், அவரும் ஊரை விட்டு வெளியேறினார். அந்தப் பஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு பேராசிரியர் துணையோடு கடிதம் எழுதினார். டெலிபோனுக்கு மட்டும் ஏழாயிரம் ரூபாய்க்குக் கிட்டச் செலவு. ஓட்டை ஆங்கிலத்தில் பேசும்போது எதிர்முனையில், உங்களுக்கு என்ன ஆலை இருக்கிறது என்று கேட்டார்கள். கோயம்புத்தூரில் மில் முதலாளி என்று சொல்லிவிட்டார்! சாம்பிள் வந்தது. பிரித்தால் பஞ்சு இல்லை, அட்டை மாதிரி கெட்டியாக ஒன்று. மரத்திலிருந்து எடுக்கிற செல்லுலோஸ். அதை அரைத்துப் பஞ்சாக்கத்தான் வெளிநாட்டு இயந்திரம். விலை மூன்றரைக் கோடி. நம் ஆள் வெல்டிங் தெரிந்தவர் அல்லவா, அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு முடிகிற மாதிரி ஒரு சின்ன இயந்திரம் செய்து காட்டினார்.

அப்புறம் நடந்ததெல்லாம் செய்தித்தாளில் வந்தது. 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார், தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருது கிடைத்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு சாந்தியும் திரும்பி வந்தார். இயந்திரத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்றுக் கோடீஸ்வரர் ஆகாமல், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார், பெண்களே செய்து பெண்களே விற்கட்டும் என்று. 2014-ல் டைம் பத்திரிகை உலகின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் சேர்த்தது. 2016-ல் பத்மஸ்ரீ. 2018-ல் அக்ஷய் குமார் நடித்து இந்தியில் "பேட்மேன்" படம் வந்தது. அதில் கதையை மத்தியப் பிரதேசத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள், நம் பாப்பநாயக்கன்புதூருக்குப் பெயர் கிடைக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்துப் பெண்கள் அவருடைய இயந்திரத்தில் நாப்கின் செய்வதைப் பற்றிய குறும்படத்துக்கு 2019-ல் ஆஸ்கர் கிடைத்தது.

இவ்வளவும் எதில் ஆரம்பித்தது? "என்ன அது?" என்று கேட்டதில். நாமும்தான் கல்யாணம் செய்தோம். நம் வீட்டிலும்தான் எதையோ மறைத்து எடுத்துப் போனார்கள். நாம் பார்க்காத மாதிரி இருந்தோம், அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்தோம்.

பக்கத்து ஈரோட்டில் பிறந்த பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் ஆண்மை என்பதே அழிய வேண்டும் என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உங்கள் மீசை உங்களிடமே இருக்கட்டும். வாய் கொஞ்சம் திறந்தால் போதும்.

இனி நம் குடியிருப்பு விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கு முக்கியமான காரணமே இதுதான்.

தினமும் காலையில் குப்பை எடுக்க ஒரு அம்மா வருகிறார். நாம் வாசலில் வைக்கிற பையைக் கீழே கொண்டு போய், மதில் ஓரம் உட்கார்ந்து, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கையால் பிரிக்கிறார். ஒரு நாள் கீழே போய்ப் பாருங்கள். காய்கறித் தோலுக்கும் சாம்பார்ச் சோற்றுக்கும் நடுவில் நாப்கினும், குழந்தைகளின் டயப்பரும், பெரியவர்களுக்கு வைக்கிற டயப்பரும் சுற்றாமல் கொள்ளாமல் கிடக்கும். அதை அவர் விரலால் எடுத்துத் தனியே போடுகிறார். உறை கொடுத்தோம். உறைக்குள் வேர்த்தால் வேலை ஓடுவதில்லை, கழற்றி வைத்துவிடுகிறார். நம் வீட்டு ரத்தத்தை, நம் வீட்டில் இருக்கிற நாமே பார்க்கக் கூச்சப்படுகிற ரத்தத்தை, யாரோ ஒரு வீட்டு அம்மா தினமும் கையால் தொடுகிறார்.

இதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் இரண்டு முறை பேச்சு எடுத்தோம். லிஃப்ட் பராமரிப்புக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்ட நாம், இந்த விஷயம் வந்ததும் எல்லோரும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தோம். "அதை லேடீஸ் பார்த்துக்குவாங்க" என்று ஒரு குரல். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். லேடீஸ் அப்போது வீட்டில் மிச்சம் 201 நிமிடத்தைச் செய்துகொண்டிருந்தார்கள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகளில், நாப்கின், டயப்பர் போன்றவற்றை நன்றாகச் சுற்றி, ஈரக் குப்பையோடு கலக்காமல் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் என்றால் நம் ஊர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஆகவே ஆண்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். பெண்களிடம் எதுவும் கேட்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே நிறையச் செய்கிறார்கள்.

முதல் காரியம். மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் போகும்போது, வீட்டுக்கு நாப்கின் வேண்டுமா என்று கேட்டு வாங்கி வாருங்கள். கறுப்புக் கவர் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். டாஸ்மாக்கிலிருந்து வருகிறவர் இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார். நாம் எதற்குக் குனிய வேண்டும்? பையன் இருக்கிற வீட்டில் பையனையும் அனுப்புங்கள். நாளைக்கு அவன் பெண்டாட்டி எதையும் மறைத்து எடுத்துப் போக வேண்டியிருக்காது.

இரண்டாவது காரியம். நாப்கினோ டயப்பரோ, பழைய செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெரிய புள்ளி வைத்துத் தனிப் பையில் போட வேண்டும். புள்ளியைப் பார்த்தால் அந்த அம்மா பிரிக்காமல் அப்படியே தனியே வைத்துவிடுவார். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பது வீட்டில் நாம்தான். படித்து முடித்த பேப்பரை வெட்டித் தயாராக வைப்பதும் நம் வேலையாக இருக்கட்டும். அந்தப் பையைக் கீழே கொண்டு போய் வைப்பதும் அப்படியே. பால் பாக்கெட் எடுக்க எப்படியும் கீழே வருகிறோம், வெறுங்கையோடு எதற்கு வர வேண்டும்?

மூன்றாவது காரியம் கொஞ்சம் கஷ்டம். இந்த வாரம் ஒரு நாள், டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாஸ்புக், எஃப்.டி. ரசீது, இன்சூரன்ஸ், கடன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுத வையுங்கள். எழுதி முடித்ததும், "உனக்கு ஏதாவது கேட்கணுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர ஐந்து நிமிஷம் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம். சிலருக்கு முப்பது வருஷத்துப் பதில் ஒரே நாளில் வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

சும்மா பேசிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. கேட் பக்கத்தில் வாட்ச்மேன் மேஜையில் வெட்டி வைத்த பழைய பேப்பர் கட்டுகளும், சிவப்பு ஸ்கெட்ச் பேனாக்களும் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு கட்டு, ஒரு பேனா. இந்தச் செய்தி மடலை வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் அங்கேயே இருக்கும். பெண்களிடம் கொடுக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். ஆம்பளைங்கதான் வந்து, கேட்டு வாங்கிக்கொண்டு போகணும்.